விடு என்று சொல்லும்வரை

பக்கத்து இருக்கையில் ஆள் இருந்தால் அந்தப் பிக்கப் வண்டியில் கியர் வெண்ணெயாக விழுந்தது. ஓட்டுகிறவர் மட்டும் தனியாக உட்கார்ந்தால் முரண்டு பிடித்தது. இப்படியொரு புகாரை மெக்கானிக் தன் தொழிலில் கேட்டதே இல்லை. வண்டியைக் கொண்டுவந்தவர் நர்சரிக்காரர், பூச்செடிகளை ஏற்றிக்கொண்டு வீடு வீடாக இறக்குகிறவர். சொல்லும்போது மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்காமல் தரையில் சிந்தியிருந்த ஆயில் கறையைப் பார்த்தே பேசினார்.

"ஏற்கெனவே ரெண்டு எடத்துல காமிச்சுட்டேன். அவங்க பக்கத்துல உக்காந்தா ஒண்ணும் இல்ல. எறங்கிட்டா ஆரம்பிச்சுடுது. எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்ற மாதிரி பாக்கறாங்க."

"பல் டாக்டர் வீட்டு வாசலுக்குப் போனா பல்வலி நின்னுடும்ல, அது மாதிரிதான். வண்டிக்கும் பயம் இருக்கும்."

நர்சரிக்காரர் சிரிக்கவில்லை. கியர் போடுகிற கையை மற்றக் கையால் நீவிக்கொண்டே நின்றார். "வலிக்குதா?" என்று மெக்கானிக் கேட்டதற்கு, "வலின்னு இல்ல. ரொம்ப நேரம் யாரோ பிடிச்சிருந்த மாதிரி இருக்கு" என்றார். இருவருமாக ஒரு சுற்றுப் போய்வந்தார்கள். எந்தக் குறையும் தெரியவில்லை. காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, மழை பிடிப்பதற்குள் அவர் வேகவேகமாக நடந்து போய்விட்டார்.

நியாயமாகப் பார்த்தால் மெக்கானிக் அந்த வண்டியை எடுத்திருக்கவே கூடாது. கடையை நிரந்தரமாக மூடுகிற நாள் அது. மாலையில் மகள் வேலை முடிந்து காரில் வருவாள், அவரைக் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போவாள் என்று ஏற்பாடு. வண்டி கிடந்தபடி கிடக்கட்டும், ஷெட் சாவியையும் வண்டிச் சாவியையும் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டால் காலையில் நர்சரிக்காரர் வாங்கிக்கொள்வார். பெட்டி கட்டி ஷட்டர் பக்கத்தில் வைத்தாகிவிட்டது. காலையிலேயே மாப்பிள்ளை மாதிரி சவரம் செய்து, அலமாரியில் இருந்ததிலேயே நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் வரைக்கும் சும்மா உட்கார்ந்து வாசலைப் பார்ப்பதற்கு ஒரு வேலையாவது இருந்தால் பொழுது போகுமே என்றுதான் ஒத்துக்கொண்டார்.

மனைவி இறந்ததிலிருந்து மகள் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தாள். அவர்தான் கடையைச் சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துவந்தார். போன வாரம் ஒரு நாள், வழக்கம்போல் நின்றபடியே சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது, காலையிலிருந்து தான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அவருக்கு உறைத்தது. தொண்டையைச் செருமி ஏதோ சொல்லிப் பார்த்தார். குரல் வேறு யாருடையதோபோல் வந்தது. பயந்துபோய் அப்போதே ஃபோனை எடுத்து, "உன் வீட்டுல எனக்கு எடம் இருக்குமாம்மா?" என்று கேட்டுவிட்டார். மறுமுனையில் மகள் அழுதாள். அன்றிலிருந்து இந்த மாலைக்காகத்தான் அவர் ஒவ்வொரு பொழுதையும் தள்ளிக்கொண்டிருந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் வெளியுலகமே இல்லாததுபோல் ஆகிவிட்டது. ஷெட்டுக்குள் வெளிச்சம் குறைந்து, மூலையில் அடுக்கியிருந்த டயர்கள் ஒரே கறுப்பாகத் தெரிந்தன. மெக்கானிக் வண்டியில் தனியாக ஏறி உட்கார்ந்து, ஃபோனைப் பக்கத்து இருக்கையில் போட்டுவிட்டு இன்ஜினை ஓடவிட்டார். கிளட்சை முழுக்க மிதித்து முதல் கியருக்குத் தள்ளினார்.

விழவில்லை.

கிளட்ச் சரியாக விடாத வண்டி கரகரவென்று அரைக்கும், பல்லும் பல்லும் மோதுகிற அதிர்வு உள்ளங்கைக்கு வரும். இதில் சத்தமே இல்லை. இரும்பு இரும்பைத் தடுக்கிற மாதிரியும் இல்லை. பாதி தூரம் இணக்கமாக வந்து, அதற்குமேல் மெத்தென்று நின்றது. தூங்குகிற குழந்தையின் மூடிய கையிலிருந்து எதையாவது உருவப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இன்னும் பலமாகத் தள்ளினால் அதுவும் அதே பலத்தில் இழுத்தது. கியர் ராடின் குமிழ் வெதுவெதுப்பாக இருந்தது. இன்ஜின் சூடு என்று சொல்லிக்கொண்டு இன்ஜினை அணைத்தார். மழைக்குளிரில் கை விறைத்திருந்ததால் அந்தச் சூடு இதமாகத்தான் இருந்தது, கையை எடுக்க மனம் வரவில்லை. எடுத்தபோது விரல்களின் மேல்புறமும் சூடாக இருந்ததை உணர்ந்தார். குமிழைத் தொடாத பக்கம் அது.

வேலைக்காரனுக்கு வேலைதான் தைரியம். மூடியைத் தூக்கிக் கிளட்ச் ஆயிலைப் பார்த்தார், அளவு சரியாக இருந்தது. பெடலின் ஆட்டத்தைக் கையால் அமுக்கிப் பார்த்தார். அடியில் படுத்து, கியர் ராடிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகிற கம்பிகளையும் அவற்றின் மூட்டுகளிலிருந்த புஷ்களையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். தேய்மானம் இல்லை. கியர் பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் இறக்கி விரலில் தேய்த்தபோது அதில் இரும்புத் தூள் எதுவும் தட்டுப்படவில்லை. எல்லாம் சரியாக இருக்கிற வண்டியைவிட ஒரு மெக்கானிக்கைக் கேவலப்படுத்துவது வேறு இல்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான். கிளட்ச் குழாய்க்குள் காற்று புகுந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஆள் உட்காரும்போது அந்தக் கனத்தில் தளம் தழைந்து குழாய் நேராகிறது, ஆள் இல்லாதபோது மடிகிறது. இப்படி ஒரு காரணத்தைக் கண்டுபிடித்ததும் அவருக்கு மூச்சு சீரானது.

காற்று எடுப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்து, சிலிண்டரின் நிப்பிளை ஸ்பானரால் கொஞ்சம் திறக்க வேண்டும். காற்றும் ஆயிலுமாகச் சீறி வரும். நிப்பிளை இறுக்கிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முன்னால் எடுத்துவிட்டால் வெளிக்காற்று உள்ளே ஏறிவிடும், பட்ட பாடெல்லாம் வீண். அதனால் மேலே இருப்பவர் மூச்சு முட்டினாலும், கால் மரத்துப்போனாலும், கீழேயிருந்து 'விடு' என்று சொல்லும்வரை அசையக் கூடாது. மெக்கானிக் தொழிலுக்கு வந்த புதிதில் பல வருஷம் அந்தப் பெடலில் உட்கார்ந்தவர்தான். பிறகு கீழே இறங்கினார், மேலே மனைவி உட்கார்ந்தாள். மிதி என்பார், மிதிப்பாள். விடு என்பார், விடுவாள். அடியில் படுத்திருப்பவருக்கு அவள் குரல் கேட்காது என்பதால், மிதித்துப் பிடித்ததும் கதவைத் தட்டி அறிவிப்பாள். அது அவளாகக் கண்டுபிடித்த வழி. சமையல் நேரத்தில் கூப்பிட்டுவிட்டால் அந்தத் தட்டலிலேயே கோபம் தெரியும்.

அவள் போன பிறகு அவர் ஒரு கட்டையை அளவாக வெட்டி வைத்திருந்தார். பெடலை அமுக்கி, இருக்கைக்கும் பெடலுக்கும் நடுவே கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு அடியில் போய்ப் படுப்பார். திறந்து மூடிவிட்டு எழுந்துவந்து கட்டையை எடுப்பார். மறுபடி அமுக்குவார். கட்டை பேசாது என்பதைத் தவிர அதில் குறை எதுவும் இல்லை.

இப்போதும் அதே கட்டைதான். முட்டுக் கொடுத்துவிட்டு, விளக்கை அடியில் வைத்து, பாயை விரித்து, முதுகால் தேய்த்துத் தேய்த்து உள்ளே போனார். ஈர மண்ணும் பழைய ஆயிலும் கலந்த வாடை. நிப்பிளைத் திறந்தார். ஆயில் சீறி வந்து கிண்ணத்தில் விழுந்தது. மூடினார். மூடிய கையோடு, பழக்க தோஷத்தில், "விடு" என்றார்.

மேலே கட்டை தடக்கென்று விழுந்தது. பெடல் ஏறிவரும் ஸ்பிரிங் முனகல் கேட்டது.

வழுக்கிவிட்டது. கையில் ஆயில் இருந்திருக்கும், கட்டையில் பட்டிருக்கும். எழுந்து போய் மறுபடி முட்டுக் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அவர் எழவில்லை. மழைச் சத்தத்தில் மல்லாந்து கிடந்தபடி, அந்தச் சொல்லைத் தன் குரலில் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தார். அப்புறம், ஒரு அசட்டுத்தனமான ஆசையில், யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"மிதி."

ஸ்பிரிங் முனகியது. முகத்துக்கு மேலே, சிலிண்டரிலிருந்து நீண்டிருந்த கம்பி அசைந்து நகர்ந்து நின்றது.

அவர் கை தானாக நிப்பிளைத் திறந்தது. சீறல். காற்றுக் குமிழ்கள். மூடியது. "விடு." கம்பி பின்வாங்கியது.

பயம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ அழுகை. கண்ணீர் பக்கவாட்டில் ஓடிக் காதுக்குள் போயிற்று. துடைக்கவில்லை. "மிதி" என்றார். மிதித்தது. "விடு" என்றார். விட்டது. எத்தனை தடவை என்று தெரியாது, குமிழ்கள் நின்று சுத்தமான ஆயில் வந்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் செல்லக் கோபத்தோடு, பழைய நாட்களில் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"மிதிச்சா தட்டணும்ல? தட்டினாத்தானே எனக்குத் தெரியும்?"

மேலே ஒன்றும் கேட்கவில்லை.

"மிதி."

கம்பி நகர்ந்தது. அப்புறம், யோசித்து யோசித்து, எங்கே தட்டுவது என்று தடவிப் பார்த்துவிட்டுத் தட்டுகிறாற்போல், கதவின் உள்பக்கத்தில் மெதுவாக ஒரு சத்தம்.

மெக்கானிக்கின் கை ஸ்பானரோடு நின்றுவிட்டது. அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. தட்டுவது அவள் கண்டுபிடித்தது. மேலே இருப்பது இப்போதுதான் கற்றுக்கொண்டது. அவர்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

முழங்கை தேய, சட்டை கிழிய, அவர் வெளியே வந்தார். ஓட்டுநர் பக்கக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. கட்டை தரையில் கிடந்தது. கிளட்ச் பெடல் மட்டும், எந்தக் காலும் இல்லாமல், தளத்தோடு தளமாக அமுங்கியிருந்தது. ஆடவில்லை. காத்துக்கொண்டிருந்தது. அவர் இன்னும் விடு என்று சொல்லியிருக்கவில்லை.

சொல்லாமலேயே ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்து பெட்டியில் இடித்துக்கொண்டு நின்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் போய் நின்றுவிடலாம், மகள் வந்தால் அப்படியே ஏறிவிடலாம். பாதி திறந்திருந்த ஷட்டருக்குக் குனிந்தும்விட்டார். அப்போதுதான் வண்டிக்குள் ஃபோன் அடித்தது.

மகளாகத்தான் இருக்கும். எடுக்காவிட்டால் என்ன நினைப்பாள்? கடைசி நேரத்தில் அப்பாவுக்கு மனசு மாறிவிட்டது, மறுபடி கடைக்குள் போய் ஒளிந்துகொண்டார் என்று நினைப்பாள். வழியிலேயே திரும்பிவிடவும் கூடும். ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. சட்டென்று கையை நீட்டி எடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று அவர் போனார். நின்றபடியே எட்டினார், எட்டவில்லை. பக்கத்து இருக்கையில் போட்டது நகர்ந்து அந்தப் பக்கக் கதவோரம் போயிருந்தது. இருக்கையில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்து, சாய்ந்து எடுத்தார்.

"அப்பா, தெருமுனைக்கு வந்துட்டேன். ரெடியா இருக்கீங்கல்ல?"

"இருக்கேம்மா. சீக்கிரம் வா."

"என்னப்பா குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. நீ வா."

ஃபோனை மடியில் வைத்தார். பெடல் மேலே வந்திருந்தது. எப்போது வந்தது என்று அவர் பார்க்கவில்லை. இறங்குவதற்கு ஒரு காலைத் தூக்கினார். அப்போது வண்டிக்கு அடியிலிருந்து, அவர் இத்தனை நேரம் படுத்திருந்த பாயிலிருந்து, அவருடைய குரல் வந்தது.

"மிதி."

அவர் கால் மிதித்தது. அவரைக் கேட்கவில்லை. வாலிபத்தில் எத்தனையோ வருஷம் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்ட கால் அது. தளம்வரை மிதித்துப் பிடித்தது. அடியில் ஸ்பானர் நிப்பிளில் பொருந்துகிற சின்னச் சத்தம். விளக்கு வெளிச்சம் நகர்ந்தது. ஆயில் சீறியது. மூடியது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

'விடு' மட்டும் வரவில்லை.

காலை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. இன்னொரு காலால் தள்ளினார், அதுவும் மரத்துக்கொண்டு வந்தது. பிடிமானத்துக்குக் கியர் ராடைப் பற்றினார். பற்றிய விரல்கள் அதிலேயே நின்றுவிட்டன. குமிழ் இப்போது சூடாக இல்லை. சில்லிட்டிருந்தது.

'விடுன்னு சொல்லு,' என்று மனதுக்குள் கெஞ்சினார். 'சொல்லிடு.'

ஷட்டருக்கு வெளியே விளக்கு வெளிச்சம் விழுந்தது. கார்க் கதவு சாத்தப்பட்டது. குடையை உதறியபடி மகள் குனிந்து உள்ளே வந்தாள். அலுவலக உடை, ஈரமான காலணி, நெற்றியில் ஒட்டிய முடி. கண்ணாடி வழியாக நேராக அவரைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். அவள் பார்வை அவரைத் தாண்டிப் பின்னால் போய், சுற்றிவந்து, கீழே இறங்கியது. முகம் மலர்ந்தது.

"இன்னுமா அடியில கெடக்கறீங்க? கடைசி நாள்கூட விடமாட்டீங்களா?"

அவள் எதைப் பார்க்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களை.

"முடிஞ்சுதும்மா," என்றது கீழேயிருந்த அவர் குரல். "ஃபோன் உள்ள கெடக்கு. எடுத்துக்க."

வராதே. அவர் கத்தினார். கண்ணாடியில் ஆவிகூடப் படியவில்லை. அவள் மறுபக்கக் கதவைத் திறந்து, இருக்கையில் ஒரு முழங்காலை ஊன்றி, உள்ளே சாய்ந்தாள். மழையும் அவள் தலையில் வைத்திருந்த எண்ணெயும் மணத்தன. அவள் கை அவர் மடிக்குள் வந்து, அங்கே எதுவுமே இல்லாததுபோல், ஃபோனை எடுத்தது. விழாமலிருக்க இன்னொரு கையைக் கியர் ராடின் மேல் ஊன்றினாள்.

அந்தக் கை அவர் கையின்மேல் இருந்தது. சூடாக இருந்தது. மனைவி போன நாளிலிருந்து யாரும் தொடாத கை அவருடையது. விரல்கள் தாமாகத் திரும்பி அதைப் பிடித்துக்கொண்டன.

"அப்பா, என்ன இது? கை ஒட்டிக்குது."

"அது அப்படித்தான். தனியா இருந்தா பிடிச்சுக்கும்."

அவள் இழுத்தாள். அவர் பிடி இறுகியது. இன்னும் கொஞ்சம் பிடித்திருந்தால் போதும், இவள் இங்கேயே இருப்பாள், பக்கத்து இருக்கையில், எப்போதும். அந்த நினைப்பு எவ்வளவு இனிமையாக இருந்தது என்பதுதான் அவரை நடுங்க வைத்தது. பெற்ற மகள். ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். எலும்பை உடைப்பதுபோல் வலித்தது. பிரித்தார். கடைசி விரலும் பிரிந்ததும் அவள் கையை உதறிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

கால்கள் அடியிலிருந்து நழுவி வந்தன. பின்னாலேயே நல்ல சட்டை வந்தது, கிழிசல் இல்லாமல். காலையில் சவரம் செய்த முகம் வந்தது. அது எழுந்து நின்று, பழந்துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டது, அவர் துடைப்பது போலவே. மகள் அதன் கையைப் பிடித்தாள்.

"கை ஏன்ப்பா இவ்ளோ சில்லுன்னு இருக்கு?"

"ரொம்ப நாளா உள்ளயே உக்காந்திருந்தேம்மா."

"தெரியும்ப்பா," என்றாள் அவள். குரல் கம்மியது. "இனிமே அப்படி இருக்க வேணாம்."

அது பெட்டியைத் தூக்கிக்கொண்டது. வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் விளக்கை அணைத்துவிட்டு வெளியே போய்க் குடையை விரித்தாள். காரின் வெளிச்சத்தில் ஷட்டர் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. குறுகிக்கொண்டே போன அந்த இடைவெளியில் அவர் கடைசியாகப் பார்த்தது: மகள் தன் தோள் நனைவதைப் பொருட்படுத்தாமல் குடையை முழுக்க அதன் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தாள், அது அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, அவள் கையை விடாமல் நடந்துபோயிற்று.